நற்சான்றில் இல்லாத ஐந்து நாள்: பராமரிப்பு உதவியாளர் நியமனம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் ஆள்சேர்ப்பைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். 2023-இல் ஒரு நியமனத்தின்போது நடந்ததை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்துவிட்டேன். விண்ணப்பித்த பெண்மணி இதைப் படித்துப் பார்த்து, எழுதலாம் என்று சம்மதம் கொடுத்தார். அவர் திருத்தச் சொன்ன இரண்டு இடங்களைத் திருத்தியிருக்கிறேன்.

பின்னணி

எங்கள் நிலையம் சிங்கப்பூரின் வடபகுதியில், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. தினமும் சுமார் 40 முதியவர்கள் வருவார்கள். காலையில் வேன் கொண்டுவந்து விடும், மாலையில் பிள்ளைகளோ பணிப்பெண்ணோ வந்து அழைத்துப் போவார்கள். அந்த ஆண்டு எங்களிடம் வந்தவர்களில் 9 பேர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களில் 5 பேருக்கு முதுமை மறதி நோய்.

இந்த நோய் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவிப்போவதை அடிக்கடி பார்க்கிறோம். ஒரு பாட்டியைச் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது 84 வயது. அவருடைய கணவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் வேலை பார்த்தவர். பாட்டி சந்தையில் மலாய் பேசி, அண்டை வீட்டாரோடு ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி பேசி வாழ்ந்தவர் என்று மகள் சொல்வார். எங்களிடம் வந்தபோது அவருக்குத் தமிழ் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மலாய் பேசும் உதவியாளர் கழிவறைக்கு அழைத்தால் கையைத் தட்டிவிடுவார். அதையே தமிழில் சொன்னால் எழுந்து வருவார்.

அவரைக் கவனித்துவந்த தமிழ் உதவியாளர் ஏப்ரலில் ஓய்வுபெற்றார். ஆகஸ்ட் வரை அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் எவ்வளவு அவசரத்தில் இருந்தோம் என்பது தெரிந்தால்தான் பின்னால் நடந்தவை புரியும். பாட்டி சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். இரண்டு முறை உடையிலேயே போய்விட்டு அழுதார். மகள் வாரம் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுக்கத் தொடங்கியிருந்தார்.

வேலையின் தன்மையையும் சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு உதவியாளர் குளிப்பாட்டுவார், உடை மாற்றுவார், ஊட்டுவார், நாற்காலியிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவார். முதியவரின் உடலை அதிகம் தொடுகிறவர் அவர்தான். ஆனால் தாதியருக்கு இருப்பதுபோல் அவருக்குப் பதிவேடு கிடையாது. ஒரு தாதியை எடுக்கும்போது சிங்கப்பூர் தாதியர் வாரியத்தின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடினால், பதிவு உண்டா, தொழில்புரியும் சான்றிதழ் நடப்பில் உள்ளதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உதவியாளர் விஷயத்தில் தேடிப் பார்க்க அப்படி ஓர் இடம் இல்லை. என் தங்கை பாலர் பள்ளி ஆசிரியை. 2019 ஜனவரி 2-இல் நடப்புக்கு வந்த பாலர் பருவ மேம்பாட்டு நிலையங்கள் சட்டத்தின்கீழ், அரசு அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் அவர் வகுப்பில் வேலை செய்ய முடியாது. அந்த ஒப்புதலுக்கு முன் பின்னணிச் சோதனை உண்டு. எங்களுக்கோ எல்லாம் நாங்களே விசாரித்துத் தெரிந்துகொள்வதுதான்.

போலீஸ் நற்சான்றிதழ் கேட்கலாமே என்று பலர் சொல்வார்கள். சிங்கப்பூர்க் காவல்துறை தரும் அந்தச் சான்றிதழ் வெளிநாட்டில் வேலைக்கும் குடியேற்றத்துக்கும் உரியது, உள்ளூர் முதலாளி கேட்டுப் பெறுவதற்கு இல்லை. அதோடு இங்கே காலாவதியான குற்றப் பதிவு என்று ஒன்று உண்டு. தண்டனை 3 மாதச் சிறைக்கோ 2,000 வெள்ளி அபராதத்துக்கோ மேற்படாமல் இருந்து, 5 ஆண்டு வேறு குற்றமில்லாமல் இருந்தால், சில குற்றங்கள் நீங்கலாக, தமக்குக் குற்றப் பதிவு இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆக, எங்கள் கையில் எஞ்சுவது ஒன்றுதான்: முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது.

விண்ணப்பமும் முதல் அரை நாளும்

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு பெண்மணி விண்ணப்பித்தார். நாற்பதுகளின் நடுவில் இருப்பவர், நிரந்தரவாசி, முதியவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் தாதிமை இல்லத்தில் 6 ஆண்டும் அதற்கு முன் வீடுகளில் 5 ஆண்டும் வேலை பார்த்தவர். எங்களிடம் வரும் ஒரு தாத்தாவின் மகன்தான் அவரை அனுப்பினார். "தெரிஞ்ச பிள்ளைதான், கோயில்ல அன்னதானத்துக்கு எப்பவும் நிப்பாங்க," என்றார். நான் அதை மனதில் ஒரு நற்சான்றாகவே எடுத்துக்கொண்டேன். அன்னதானத்தில் பரிமாறுவது நல்ல மனத்தைக் காட்டலாம். நள்ளிரவில் களைத்துப்போய் ஒரு முதியவரைத் தூக்கும்போது அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அது காட்டாது. அன்று எனக்கு அது தோன்றவில்லை.

நேர்முகம் முடிந்ததும் அரை நாள் இருந்து பார்க்கச் சொன்னோம். அதற்கான கூலியைக் கொடுத்தோம். அவர் அந்தப் பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "பாட்டி, நீங்க பேஸ்ல எந்தப் பக்கம் இருந்தீங்க?" என்று கேட்டார். கடற்படைத் தளத்தை எங்கள் பெரியவர்கள் பேஸ் என்றுதான் சொல்வார்கள். பாட்டி பல வாரங்களுக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினார். அப்புறம் கஞ்சி முழுவதையும் குடித்தார். அறையில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நிமிடமே நான் அவரை எடுத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன்.

முதல் தவறு அங்கேதான் நடந்தது. பின்னணி எதையும் சரிபார்க்காத ஒருவரை முதியவர்களின் அருகில் விட்டோம். அதைவிட, அந்தக் காட்சி எங்கள் கண்ணை நிறைத்துவிட்டது. அதற்குப் பிறகு செய்யும் எந்த விசாரிப்பும் வெறும் சடங்காகிவிடும்.

கண்ணில் பட்டவை

எங்கள் பொறுப்புத் தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம். 30 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். மறுநாள் காலை அவர் அந்தக் கோப்பை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். "இத இன்னொரு தடவை பாரும்மா," என்றார்.

தாதிமை இல்லம் கொடுத்திருந்த கடிதம் இரண்டே வரி. பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாழ்த்து. விலகிய தேதி மார்ச் 17. விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்ததோ ஜூன்.

கடிதத்தில் கையெழுத்திட்ட தேதியும் மார்ச் 17-தான். 5 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லையென்றால், வேலை நியமனச் சட்டப்படி 4 வார முன்னறிவிப்பு உண்டு. மாத நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை, விலகிய அன்றே கடிதமும் தயார். இது தப்பு என்று சொல்ல முடியாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முன்னறிவிப்பை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்க வேண்டிய விஷயம்.

விசாரிக்கலாம் என்று அவர் கொடுத்திருந்த பெயர் "மேற்பார்வையாளர்" ஒருவருடையது. எண் கைப்பேசி எண். நான் அதற்கு ஏற்கெனவே பேசியிருந்தேன். எதிர்முனையில் இருந்தவர் மிகவும் அன்பாகப் பேசினார், கடின உழைப்பாளி, பொறுமைசாலி என்றார். நான் குறித்துக்கொண்டு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். மிஸ்ஸி கேட்டார்: "எந்த மாடி, எத்தனை படுக்கை, இரவுல எத்தனை பேர்னு கேட்டியா?" கேட்கவில்லை. மறுபடி அழைத்துக் கேட்டேன். படுக்கை எண்ணிக்கை சரியாக வந்தது. யாருக்கு அவர் பணி மதிப்பீடு எழுதினார் என்று கேட்டபோது தடுமாறினார்.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

இதற்குப் பிறகு செய்ததை மிஸ்ஸிதான் வழிநடத்தினார். நான் எழுதினேன், அவ்வளவுதான்.

முதலில் விண்ணப்பதாரரிடம் எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்கினோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் வேலைக்குத் தகுதியானவரா என்று மதிப்பிடுவதற்காகத் தகவல் திரட்ட விதிவிலக்கு உண்டு. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி விசாரிப்பது நல்ல தொடக்கம் இல்லை. யாரிடம், என்னென்ன கேட்போம் என்று அவருக்கே காட்டினோம். அவர் கையெழுத்திட்டார். முகம் வாடியது, ஆனாலும் மறுக்கவில்லை.

அடுத்து, அந்த இல்லத்தின் பொது எண்ணை நாங்களே தேடி எடுத்து, மனிதவளப் பிரிவோடு பேசினோம். எங்களிடம் கொடுக்கப்பட்ட எண்ணை மறுபடி தொடவில்லை. மனிதவளப் பிரிவில் வந்த பதில் எதிர்பார்த்ததுதான்: "தேதியும் பதவியும் மட்டும்தான் சொல்வோம், அது எங்கள் நடைமுறை."

இந்த வழக்கம் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். 2016-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிதி ஆலோசகர் ஒருவர் தம் முன்னாள் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், நற்சான்று தரும் முதலாளிக்குக் கவனத்தோடு நடந்துகொள்ளும் சட்டக் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சொல்லும் விவரங்கள் சரியாக இருக்க வேண்டும், அரைகுறையாகச் சொல்லித் தவறான தோற்றத்தையும் உண்டாக்கக்கூடாது. பல நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், வாயே திறக்காமல் இருந்தால் வம்பில்லை என்பது. தீர்ப்பு கேட்பது கவனத்தை, மௌனத்தை அல்ல. முதியவரையும் குழந்தையையும் தொட்டு வேலை செய்கிறவர்கள் விஷயத்தில் இந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர்கள் பேச முடியாதவர்கள்.

ஆகவே தொலைபேசியில் கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு, எழுத்தில் நிகழ்வுகளைக் கேட்டோம். "இவர் நல்லவரா", "மறுபடி எடுப்பீர்களா" போன்ற கேள்விகளுக்கு யாரும் எழுதித் தரமாட்டார்கள். நாங்கள் அனுப்பியவை நான்கே கேள்வி. இவர் யாருக்குக் கீழ் வேலை பார்த்தார்? முதியவர்களைக் கையாண்டது பற்றி இவர்மேல் உறுதிசெய்யப்பட்ட புகார் ஏதும் உண்டா? விலகியபோது விசாரணை ஏதும் நடந்துகொண்டிருந்ததா? முன்னறிவிப்புக் காலம் முழுவதும் வேலை செய்தாரா? விண்ணப்பதாரரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

மறுமொழி

எட்டு வேலை நாள் காத்திருந்தோம். வந்த பதிலில் புகார் பற்றிய கேள்விக்கு "உறுதிசெய்யப்பட்டது எதுவும் இல்லை" என்று இருந்தது. விசாரணை பற்றிய கேள்விக்கு ஒரே வரி: மார்ச் 13-இல் தொடங்கிய உள்விசாரணை முடியும் முன் இவர் பணி விலகினார்.

நாங்கள் பயந்த பதில் இதுதான். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை.

அதே வாரம், ஆகஸ்ட் கடைசியில், இங்குள்ள ஒரு பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைக்கு வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டும் காணொளி பரவியது. ஊரே கொதித்தது. எல்லாப் பாலர் பள்ளிகளிலும் 2024 ஜூலை 1 முதல் கண்காணிப்புக் கேமரா கட்டாயம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவர் அன்று மாலையே என்னை அழைத்து, "விசாரணைன்னு ஒரு வார்த்தை இருந்தா போதும், வேணாம்னு சொல்லிடுங்க," என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பேத்தி பாலர் பள்ளிக்குப் போகிறாள்.

மிஸ்ஸி மட்டும் ஒப்பவில்லை. "கூப்பிட்டுக் கேட்போம். கேக்காம அனுப்பினா, அடுத்த இடத்துல இன்னும் நல்லா மறைப்பாங்க."

அவர் சொன்னது

செப்டம்பர் முதல் வாரத்தில் விண்ணப்பித்த பெண்மணியை அழைத்தோம். பதிலை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்.

இரவுப் பணி. அந்த மாடியில் மூன்று பேர் இருக்க வேண்டும், ஒருவர் வரவில்லை. இன்னொருவர் வேறொரு முதியவருக்கு மூச்சுத் திணறல் என்று அங்கே இருந்தார். இவர் பொறுப்பில் இருந்த ஒரு தாத்தா கழிவறைக்குப் போக வேண்டும் என்று கத்தினார். இருவர் சேர்ந்து தூக்க வேண்டியவரை இவர் தனியாகத் தூக்கினார். தாத்தா சரிந்தார், இவர் மேற்கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். கீழே விழவில்லை. கையில் தடம் பதிந்தது. உடனே எழுதிவைக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியும். "காலைல சொல்லிக்கலாம்னு நெனச்சேன் மேடம். காலைல அந்த இடம் நீலமா ஆயிடுச்சு. அவங்க மகன் எனக்கு முன்னாடி பாத்துட்டாரு."

திங்கட்கிழமை அவரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். வேலை நியமனச் சட்டப்படி விசாரணைக்காக ஒருவரை ஒரு வாரம் வரை, பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, நிறுத்திவைக்கலாம். அந்த ஐந்து நாளும் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மனிதவளப் பிரிவில் ஒருவர், நீங்களாக விலகினால் கடிதத்தில் எதுவும் இருக்காது என்று சொன்னாராம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். விசாரணை என்ன ஆனது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜூன் என்று எழுதியது, வேலையில்லாமல் இருந்த காலத்தைக் குறைத்துக் காட்ட. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியில் தம் பதிவை அவரே கைப்பேசியில் திறந்து காட்டினார். முதலாளி கட்டிய கடைசிச் சந்தா மார்ச் மாதத்துக்கானது. பார்த்துவிட்டு மூடச் சொன்னோம், படம் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. மேற்பார்வையாளர் என்று சொல்லப்பட்டவர் உடன் வேலை பார்த்த தோழி.

எங்கள் விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "எப்போதாவது வேலைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறீர்களா? ஆம் / இல்லை." அவர் இல்லை என்று குறித்திருந்தார். அது உண்மை. நடந்ததைச் சொல்ல எங்கள் படிவத்தில் இடமே இல்லை. ஆனால் மனநலப் பிரச்சினை உண்டா என்ற கேள்வி மட்டும் பழைய படிவத்திலிருந்து அப்படியே இருந்தது. நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி 2020-லேயே அது பாகுபாடு என்று சொல்லிவிட்டது. கேட்கக்கூடாததைக் கேட்டிருக்கிறோம், கேட்க வேண்டியதை விட்டிருக்கிறோம்.

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்தோம். அந்தக் காயம் ஒன்று. மறைத்தது இன்னொன்று.

காயத்தைப் பற்றி மிஸ்ஸி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முப்பது வருஷத்துல என் கையாலயும் காயம் பட்டிருக்கு. தோல் காகிதம் மாதிரி இருக்கும், பிடிச்சாலே கிழியும். பட்டதைச் சொல்லாம விடுறவங்களப் பாத்தாதான் எனக்குப் பயம்." நோயாளியின் தோலில் ஒரு தடம் என்பது மருந்து மாற்றம், இரத்தம் உறையாமை, எலும்பு விரிசல் என்று எதையும் குறிக்கலாம். யாராவது உடனே சொன்னால்தான் மருத்துவர் பார்க்க முடியும். முதுமை மறதி உள்ளவரால் தமக்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. அவருக்காகச் சொல்ல வேண்டியவர் உதவியாளர்தான்.

அந்தக் கணக்கில் இவர் இரண்டு முறை தவறியிருக்கிறார், ஒன்று அந்த இரவில், ஒன்று எங்கள் விண்ணப்பத்தில். இதை நிர்வாகக் குழுவிடம் மறைக்காமல் சொன்னேன். அதே நேரம், கேட்டபோது எதையும் குறைக்காமல் சொன்னார், தம்மைப் பாதிக்கும் விவரங்களையும் சேர்த்து. முடியாத ஒரு விசாரணையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் நியாயம் இல்லை.

கடைசியில் நிபந்தனையோடு வேலை தருவதாகச் சொன்னோம். தவறான விவரங்களைத் திருத்தி விண்ணப்பத்தை மறுபடி எழுத வேண்டும். அந்த இரவு நடந்ததைத் தம் கையால் எழுதித் தர வேண்டும், அதை மூன்று பேர் மட்டுமே பார்ப்போம். பழைய இல்லத்துக்கு அவரே எழுதி விசாரணையின் முடிவைக் கேட்டு வாங்க வேண்டும். அது வரும்வரை ஊட்டுவதும் பேச்சுத்துணையும் மட்டும். தூக்குவது, கழிவறைக்கு அழைத்துப்போவது கூடாது. முதியவரை இடம் மாற்றும் பயிற்சியை மறுபடி எடுக்க வேண்டும். நிர்வாகக் குழு அரை மனதோடு மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டது.

குடும்பங்களுக்குச் சொல்வதா என்று நீண்ட நேரம் பேசினோம். சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். முடிவு தெரியாத ஒரு விசாரணையை 40 குடும்பங்களிடம் சொன்னால், அது மறுநாளே தீர்ப்பாகிவிடும். தமிழ் வீடுகளில் இன்னும் வேகமாக. ஆனால் என் அம்மா அங்கே இருந்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருப்பேன். இந்த முடிவில் எனக்கு இன்றும் முழு நிம்மதி இல்லை.

பிறகு நடந்தவை

அவர் யோசிக்க ஒரு வாரம் கேட்டார். பழைய இல்லத்துக்கு அன்றே கடிதம் எழுதிவிட்டார், மிஸ்ஸி உதவி செய்தார். விண்ணப்பத்தையும் திருத்தித் தந்தார்.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "மேடம், வேற ஒரு இடத்துல உடனே வரச் சொல்லிட்டாங்க. அவங்க ஒண்ணும் கேக்கல. வீட்டு வாடகை ரெண்டு மாசம் பாக்கி. மன்னிச்சுக்கோங்க."

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. அங்கிருந்து எங்களுக்கு அழைப்பும் வரவில்லை. நாங்களாகத் தேடிப்போய்ச் சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை, சம்மதம் எங்கள் விண்ணப்பத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அங்கே அவர் முதல் நாளே தனியாகத் தூக்கியிருப்பார். பழையபடி ஆள் குறைவான இரவில், பயிற்சியும் இல்லாமல்.

அக்டோபரில் அவருக்குப் பழைய இல்லத்திலிருந்து பதில் வந்தது. அதைப் படம் எடுத்து மிஸ்ஸிக்கு அனுப்பினார். விசாரணை ஏப்ரலிலேயே முடிந்திருக்கிறது. இருவர் செய்ய வேண்டிய மாற்றத்தைத் தனியாகச் செய்தது தவறு, தாமதமாகத் தெரிவித்தது தவறு. வேண்டுமென்றே துன்புறுத்தியதாகத் தெரியவில்லை. அன்றிரவு ஆள் குறைவு என்பதும் பதிவாகியிருந்தது. அவர் சொன்னதும் இதுவும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போயின. ஆறு மாதமாக அந்தக் காகிதம் ஒரு கோப்பில் கிடந்திருக்கிறது. அது தம் கையில் இருந்திருந்தால் ஜூன் என்று எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று அவர் பிறகு சொன்னார். அது முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பாலும் சரி.

பாட்டி இதற்குள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்தார். மகள் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டார். நாங்கள் எடுத்துக்கொண்ட அந்த ஆறு வாரத்தின் சுமையை அந்தக் குடும்பம்தான் சுமந்தது.

மாற்றிக்கொண்டவை

வரிசையை மாற்றினோம். விசாரிப்பு முடியும் முன் யாரும் முதியவர்கள் இருக்கும் அறைக்குள் வருவதில்லை. விண்ணப்பம் வந்த அன்றே சம்மதம் வாங்கி, அன்றே கேள்விகளை அனுப்புகிறோம். நாங்கள் வீணாக்கிய நாள்களில் பாதி, கைப்பேசி எண்ணை நம்பி உட்கார்ந்திருந்த நாள்கள்.

படிவத்தில் ஆம்/இல்லை கேள்விகளை எடுத்துவிட்டோம். மனநலக் கேள்வி போய்விட்டது. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள். உங்கள் பொறுப்பில் இருந்த ஒருவருக்குக் காயம் பட்ட நிகழ்வு ஒன்றை எழுதுங்கள், அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள்? எங்கேயாவது விசாரணை முடியும் முன் விலகியிருக்கிறீர்களா, என்ன நடந்தது? ஆம் என்று எழுதினால் தானாக நிராகரிக்க மாட்டோம் என்பதையும் படிவத்திலேயே எழுதியிருக்கிறோம். பல ஆண்டு அனுபவம் உள்ளவர் காயம் எதுவும் நடந்ததே இல்லை என்று எழுதினால், மிஸ்ஸி அவரிடம்தான் அதிக நேரம் பேசுகிறார்.

எனக்கு முக்கியமாகப் பட்ட மாற்றம் நாங்கள் சான்று கொடுக்கும் பக்கத்தில் நடந்தது. எங்கள் பழைய கோப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். முந்தைய மூன்று ஆண்டில் நாங்களும் தேதி மட்டும் போட்ட இரண்டு வரிக் கடிதங்களையே கொடுத்திருந்தோம். அவற்றில் ஒன்று, புகார் வந்த வாரத்தில் விலகிய ஒருவருக்கு. அந்தப் புகாரை நாங்கள் விசாரித்து முடிக்கவே இல்லை. விலகிவிட்டாரே, போகட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று தெரியாது.

இப்போது ஒருவர் விலகினாலும் விசாரணையை முடிக்கிறோம். அவர் தரப்பைக் கேட்கிறோம், முடிவை எழுத்தில் அவருக்கே தருகிறோம். அடுத்த முதலாளி சம்மதத்தோடு கேட்டால், விசாரித்து உறுதியானதை மட்டும் முழுமையாகச் சொல்கிறோம், ஊகத்தைச் சொல்வதில்லை. விலகினால் கடிதம் சுத்தமாக இருக்கும் என்று யாரிடமும் பேரம் பேசக்கூடாது என்று நடைமுறைக் கையேட்டில் எழுதிவிட்டோம். 2018-இல் வந்த எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்கள் சட்டம், நல்லெண்ணத்தோடு புகார் தெரிவிப்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பகுதியைத் தமிழில் எளிதாக எழுதி ஊழியர் அறையில் ஒட்டியிருக்கிறோம்.

அந்த வேலைக்கு நவம்பரில் ஆள் கிடைத்தது. 52 வயது, உள்ளூர்ப் பெண்மணி, 14 ஆண்டாக ஒரு பள்ளிக் கேண்டீன் கடையில் உதவியாளர். பராமரிப்பு அனுபவம் கிடையாது, ஆகவே விசாரிக்கத் தாதிமை இல்லமும் கிடையாது. காயம் பற்றிய கேள்விக்கு, மாமியாரைக் குளிப்பாட்டும்போது நகம் பட்டுக் கீறியதை எழுதியிருந்தார். நாங்கள் கேண்டீன் கடைக்காரரின் கடைக்கே போய், அவர் உழைப்பாளியா என்று கேட்காமல், வேலையில் ஏதாவது தவறு நடந்தபோது என்ன செய்தார் என்று கேட்டோம்.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு தடவை சூப் கொட்டி ஒரு பிள்ளை கையில பட்டுருச்சு. நான் அந்தப் பக்கம் காசு எண்ணிட்டு இருந்தேன், பாக்கவே இல்ல. அவங்களேதான் பிள்ளைய ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயி, 'என் கை பட்டுதான் கொட்டுச்சு'ன்னு சொல்லிட்டு வந்தாங்க. பிரின்சிபல் கூப்பிட்ட பொறவுதான் எனக்கே தெரியும்."

மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகு அந்தப் பெண்மணி பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் நாள் பாட்டி கையைத் தட்டிவிட்டார். அவர் அதையும் எழுதிவைத்தார்: காலை 10.20, வலது கை, கழிவறைக்கு வர மறுத்தார், வலி இருக்கிறதா என்று பார்க்கவும். மிஸ்ஸி பார்த்தபோது பாட்டியின் தோள் வீங்கியிருந்தது.